கண் தெரியாத குதிரையும் அஞ்சலையும்: குடும்பப் படக் கதை, கருத்து வேண்டும் (களம்: கடலூர்)

#1 கெடிலம்

வணக்கம் நண்பர்களே. இதுவரை குறும்படங்கள்தான் எடுத்திருக்கிறேன். முதல் முழுநீளப் படத்துக்கான திரைக்கதை இப்போது கையில் இருக்கிறது. களம் நம்ம கடலூர்தான். குதிரை தெரிந்தவர்கள், ஊர் தெரிந்தவர்கள், படம் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கதை இதுதான். அஞ்சலைக்கு 35 வயது. திருப்பாதிரிப்புலியூரில் கெடிலம் ஆற்று ஓரமாக ஓட்டு வீடு, பின்னால் ஒரு லாயம். அப்பா ஒரு காலத்தில் ரயிலடியில் ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டியவர். ஜட்கா சவாரி நின்றுபோன பிறகு கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் குதிரையை வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். அவர் இறந்துபோகிறார். வீட்டில் மிஞ்சுவது அம்மா, கணவனைப் பிரிந்து வந்த அஞ்சலை, அப்புறம் செவலை. அண்ணன் குமரவேல் புதுச்சேரியில் வேலையில் இருக்கிறான். செவலை பெட்டைக் குதிரை, 15 வயது. இரண்டு கண்ணும் தெரியாது.

அண்ணன் விற்றுவிடலாம் என்கிறான். அம்மா ஒரு நாள் சரி என்கிறாள், மறுநாள் வேண்டாம் என்கிறாள். அஞ்சலை கயிற்றை விடமாட்டேன் என்கிறாள். இந்த மூன்று பேருக்கும் நடுவில் குதிரை புல் தின்றுகொண்டு நிற்கிறது. படம் முழுக்க இதுதான்.

தயாரிப்புத் தரப்பில் கடைசியில் ஒரு பந்தயம் வேண்டும் என்கிறார்கள். கண் தெரியாத குதிரையில் அஞ்சலை ஏறி, வெள்ளி கடற்கரையில் எல்லாரையும் முந்தி ஜெயிக்க வேண்டுமாம். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. இது கொல்லைப்புறத்தில் நடக்கிற கதை. தினமும் யார் புல் அறுக்கிறார்கள், யார் சாணி அள்ளுகிறார்கள், யார் முடிவு எடுக்கிறார்கள் என்பதுதான் என் கதை.

எனக்குத் தெரிய வேண்டியவை: குதிரைக்குக் கண் எப்படிப் போகும்? போன பிறகு எப்படி வாழும்? அதன் மேல் சவாரி செய்யலாமா? பந்தயத்துக்குப் பதில் படத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது?

#2 மஞ்சக்குப்பம் ரசிகன்

கதை நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் தயாரிப்பாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு. குடும்பத்தோடு தியேட்டருக்கு வருகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு எழுச்சி வேண்டாமா? குதிரை என்றாலே ஓட்டம்தானே. இரண்டு மணி நேரம் புல் தின்றுவிட்டு அப்படியே படம் முடிந்தால் எங்க அம்மாவே எழுந்து போய்விடுவார். பந்தயம் வேண்டாம் என்றால் அதே அளவுக்கு நெஞ்சைப் பிடிக்கிற வேறு ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

#3 மாட்டு டாக்டர்

நான் புதுச்சேரிப் பக்கம் கால்நடை மருத்துவர். மாடு, ஆடுதான் அதிகம் பார்க்கிறேன், குதிரையும் வரும். முதல் கேள்விக்கு விரிவாகச் சொல்கிறேன்.

உலக அளவில் குதிரையின் பார்வையை அதிகம் பறிப்பது கண்ணின் உள்ளே திரும்பத் திரும்ப வருகிற வீக்கம். யுவியைட்டிஸ் என்போம். கண்ணில் நீர் வடியும், வெளிச்சத்தைப் பார்க்காமல் இமையை இறுக்கிக்கொள்ளும், கருவிழி மங்கலாகும், கண் பாப்பா சுருங்கிப்போகும். சில நாளில் தணிந்துவிடும். வீட்டுக்காரர் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார். சில மாதம் கழித்து மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் கெடுத்துவிட்டுத்தான் போகும். கடைசியில் கண்புரை விழும், அல்லது கண்ணே சுருங்கிச் சிறுத்துவிடும்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமான ஒன்று லெப்டோஸ்பைரா கிருமி. எலி முதலான பிராணிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும். வெள்ளம் வந்த ஊரில் மனிதனுக்கு எலிக்காய்ச்சல் வருகிறதே, அதே கிருமிதான். குதிரைக்குத் தொற்று வந்து பல மாதங்கள், ஏன், ஓரிரு வருடங்கள் கழித்துக்கூடக் கண்ணில் வேலையைக் காட்டும். உங்கள் கதைக்கு இது அப்படியே பொருந்தும். 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மூழ்கியதை எல்லாரும் பார்த்தோம். லாயத்தில் தண்ணீர் நின்ற அந்த வாரத்தைக் காட்டுங்கள். 2017-இல் கண்ணில் நீர் வடியட்டும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. நிஜத்திலும் தோன்றுவதில்லை.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்கலாம். கண்ணுக்குள் புழு. மாட்டின் வயிற்றறையில் வாழும் நூல் போன்ற புழுவின் குஞ்சு, கொசு வழியாகக் குதிரைக்கு வந்து, வழி தவறிக் கண்ணுக்குள் போய்விடும். டார்ச் அடித்துப் பார்த்தால் கருவிழிக்குப் பின்னால் வெள்ளை இழை ஒன்று நெளிந்து நீந்துவது வெறும் கண்ணுக்கே தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஆடிப்போய்விடுவார்கள். உள்ளேயே செத்தால் அதுவே வீக்கத்தைக் கிளப்பும் என்பதால், சின்னதாகக் கீறி வெளியே எடுப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும், சீக்கிரம் எடுத்தால் பார்வை தப்பிக்கும். செவலைக்கு இரண்டு கண்ணும் போயிருப்பதால் யுவியைட்டிஸ்தான் பொருத்தம்.

அப்பா குதிரையின் கண்ணில் இலைச்சாறு பிழிவது போலக் காட்சி வைத்தால், அது கெடுதல் என்று யாராவது ஒருவர் படத்திலேயே சொல்லட்டும். மருந்துக் கடையில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தானாக விடுவதும் ஆபத்து. கருவிழியில் புண் இருந்தால் அந்த மருந்தே கண்ணைத் தின்றுவிடும். அதனால்தான் பச்சைச் சாயம் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நாங்கள் கொடுப்போம்.

இன்னொரு முக்கியமான விஷயம். குருடு வலிக்காது. கண்ணுக்குள் இருக்கிற வீக்கமும் அழுத்தமும்தான் வலிக்கும். பார்வை திரும்பாத கண் தொடர்ந்து வலித்தால், அந்தக் கண்ணையே அறுவை செய்து எடுத்து இமையைத் தைத்துவிடுவோம். அதற்குப் பிறகு குதிரை நிம்மதியாகத் தின்னும், படுக்கும். "கண்ணில்லை, ஊசி போட்டு முடித்துவிடுங்கள்" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வலி இருக்கிறதா என்பதைத்தான். அண்ணனும் டாக்டரும் பேசுகிற காட்சி உங்கள் கதையில் இருந்தால், இந்த ஒரு கேள்வி போதும்.

#4 கெடிலம்

டாக்டர் சார், மிக்க நன்றி. வெள்ளமும் கண்ணும் சேர்கிற இடம் எனக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு சந்தேகம்: வீட்டில் முதலில் யார், எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்?

#5 முதுநகர்க்காரி

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. எங்க அப்பா ஜட்கா ஓட்டியவர். நான் குதிரையோடு வளர்ந்தவள்.

எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது அம்மா. சாயங்காலம் வாசல் படலைத் தாண்டும்போது குதிரை நின்று நின்று கால் வைத்தது. பகலில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா புல் கட்டை ஒரு பக்கம் நீட்டினால் உடனே வாங்கும், மறுபக்கம் நீட்டினால் காதை மட்டும் திருப்பும். அம்மாதான் அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒரு வாரம் நம்பவில்லை. வண்டிக் குதிரைக்குக் கண் இரண்டு பக்கமும் தோல் பட்டை கட்டியிருக்கும் இல்லையா, அது முன்னால் மட்டும்தான் பார்க்கும். தெரிந்த பாதையில் ஒரு கண்ணோடு ஓடினால் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

அப்பா சாட்டையால் அடித்து நான் பார்த்ததில்லை. சாட்டைக் கம்பைச் சக்கரத்து ஆரங்களில் கொடுப்பார். கடகடவென்று சத்தம் வரும். தெருவில் போகிறவர்கள் ஒதுங்குவார்கள், குதிரையும் வேகம் எடுக்கும். கண் போன பிறகும் அந்தச் சத்தம் கேட்டால் அதே வேகம்தான். பக்கத்தில் போகும்போது அப்பா கை வைக்கும் முன் குரல் வைப்பார். "ஏய், நான்தான்" என்பார். அப்புறம்தான் கழுத்தில் கை. எங்களையும் அப்படித்தான் பழக்கினார். பின்பக்கமாகப் போய்ப் பேசாமல் தொட்டால் அடி எங்களுக்குத்தான் விழும், குதிரைக்கு இல்லை.

ஆனால் நீங்கள் முதல் பதிவில் எழுதிய ஒரு வரிதான் என்னை இங்கே எழுத வைத்தது. யார் புல் அறுக்கிறார்கள், யார் முடிவு எடுக்கிறார்கள் என்று. குதிரை அப்பாவுடையது, வேலை அம்மாவுடையது. கொள்ளு ஊறப்போடுவது, வேகவைப்பது, ஆறவைத்துத் தவிடு கலப்பது, விடியற்காலையில் ஆற்றங்கரையில் புல் அறுத்துத் தலையில் சுமந்து வருவது, மூத்திர நாற்றத்துக்காகப் பக்கத்து வீட்டாரிடம் பேச்சு வாங்குவது, எல்லாம் அம்மா. விற்கிற அன்று அப்பாவும் சித்தப்பாவும் புரோக்கரும் திண்ணையில் உட்கார்ந்து துண்டுக்கு அடியில் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசினார்கள். அம்மா உள்ளே அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் படத்தில் அந்த அம்மாவைத் திண்ணைக்கு வரவையுங்கள் தம்பி.

#6 மஞ்சக்குப்பம் ரசிகன்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஆனாலும் ஒரு தகவல். கண் தெரியாத குதிரையால் முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எண்டோ என்று ஒரு அப்பலூசா இனக் குதிரை. டாக்டர் சொன்ன அதே நோயில் இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டார்கள். அதை வளர்க்கிற பெண் சிறுவயதிலிருந்தே அதோடு இருக்கிறார். 2022-இல் கின்னஸ் சாதனை. கண்ணில்லாத குதிரை 106 சென்டிமீட்டர் உயரம் தாண்டியிருக்கிறது. அப்புறம் ஏன் செவலை ஓடக் கூடாது?

#7 சேணம்

புதுச்சேரியில் குதிரை வைத்திருக்கிறேன். ஊர்வலத்துக்கும் அனுப்புகிறேன், பிள்ளைகளுக்குச் சவாரியும் கற்றுக்கொடுக்கிறேன்.

ரசிகன் தம்பி, எண்டோ உண்மைதான். அது வருடக்கணக்கில் ஒரே ஆளின் குரலுக்கும் உடல் அசைவுக்கும் பழகிய குதிரை. நம் கடற்கரையில் பத்துக் குதிரைகளுக்கு நடுவில், விசில், மைக் செட், வெடிச் சத்தத்தோடு கண்ணில்லாத குதிரையை ஓடவிடுவது வேறு. கண் தெரியாத குதிரைக்குக் காதுதான் எல்லாம். காதை அடைத்துவிட்டால் அதற்கு உலகமே இல்லை. மேலே இருப்பவளுக்கும் ஆபத்து, பக்கத்தில் ஓடுகிற குதிரைக்கும் ஆபத்து.

நடை சவாரி தாராளமாகச் செய்யலாம். தெரிந்த பாதை, தெரிந்த ஆள். மேடு வந்தால் ஒரு சொல், பள்ளம் வந்தால் ஒரு சொல், நிற்க ஒரு சொல் என்று பழக்க வேண்டும். சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாற்றக் கூடாது. கொஞ்ச நாளில் "மேடு" என்றதும் காலைத் தூக்கி வைக்கும். இதை எடுங்கள் படமாக. பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

லாயத்துக்கு வருவோம். கலை இயக்குநருக்கு இதைக் காட்டுங்கள். கம்பி வேலி இருக்கவே கூடாது. ஆணி, கூர்மையான மூலை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வேலிக்கு முன்னால் நாலைந்து அடிக்கு ஜல்லி கொட்டி வைத்தால், மண்ணிலிருந்து ஜல்லியில் குளம்பு பட்டதும் வேலி வந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டி வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். குழாய் லேசாகச் சொட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, சத்தத்தை வைத்துத் தேடி வரும். துணைக்கு ஓர் ஆடோ இன்னொரு குதிரையோ விட்டு அதன் கழுத்தில் மணி கட்டுவார்கள். மணிக்குப் பின்னாலேயே நடந்து நாள் முழுக்க மேயும்.

மூக்கைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மீசை முடியை வெட்டவே கூடாது. அதை வைத்துத்தான் தொட்டியின் விளிம்பையும் சுவரையும் தடவிப் பார்க்கிறது. அழகுக்காக மழிக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. கண் தெரிந்த குதிரைக்கே கூடாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021-இல் தன் போட்டிகளில் தடை போட்டுவிட்டது.

அப்புறம் ஒன்று. கண் தெரியாத குதிரை தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்ளும், புது இடத்தில் முன்கால்களை உயரத் தூக்கி வைக்கும், இரண்டு காதும் வெவ்வேறு திசையில் ஓயாமல் திரும்பும். கேமராவுக்கு இது போதும். கண்ணையே காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

#8 வெண்கோல்

இந்த இழையைத் திரை வாசிப்பான் மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன்.

கண்ணில்லாத ஒருவர் நம் படத்தில் வந்தால், கடைசியில் அவருக்குப் பார்வை வரும், இல்லை உயிர் போகும். நடுவில் ஒரு பாட்டுப் பாடுவார். குதிரையை வைத்தும் அதையே செய்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். செவலை அஞ்சலையின் துயரத்துக்கு அடையாளமாக நிற்க வேண்டாம். கணவனைப் பிரிந்தவள், கண் இழந்த குதிரை, இரண்டு பேரும் பாவம் என்று சேர்த்துக் கட்டினால் இரண்டு பேருமே சிறுத்துப்போவார்கள். குதிரைக்குத் தன்மேல் பரிதாபம் கிடையாது. அதற்குப் பசி உண்டு, பயம் உண்டு, பிடித்த ஆள் உண்டு. அதைக் காட்டினால் போதும்.

சேணம் சார் சொன்ன தொட்டி விஷயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்து போன மறுநாள்தான் எனக்கு முழங்காலில் அடிபடும். யாராவது நாற்காலியை அன்போடு ஓரமாக நகர்த்தி வைத்திருப்பார்கள். படத்தில் அண்ணன் நல்ல எண்ணத்தோடு லாயத்தைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கி வைக்கட்டும். அன்று ராத்திரி குதிரை என்ன பாடுபடுகிறது என்று காட்டுங்கள். வில்லன் தேவையே இல்லை.

குதிரையின் பார்வை என்று திரையைக் கருப்பாக்காதீர்கள். சத்தத்தைக் கொடுங்கள். ஊரையே ஒலியால் கட்டுங்கள்: கெடிலம் பாலத்தில் லாரி போகிற சத்தம், ரயில் வருகிற அறிவிப்பு, அம்மா வாளி வைக்கிற சத்தம். இன்னொரு வேண்டுகோள். காட்சியைக் குரலில் விவரித்துச் சொல்கிற ஒலி விவரணையோடு படத்தை வெளியிடுங்கள். பார்வை, செவித்திறன் இல்லாதவர்களும் தியேட்டரில் படம் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கண் தெரியாத குதிரையைப் பற்றிய படத்தை என் போன்றவர்கள் பார்க்க முடியாமல் போனால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

#9 சட்டப்புள்ளி

கதையின் முடிச்சுக்கு ஒரு விஷயம் தருகிறேன். அண்ணன் "விற்றுவிடலாம்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவனால் தனியாக விற்க முடியாது.

குதிரை அசையும் சொத்து. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. உங்கள் கதையில் அவர் இல்லை. ஆக, செவலையில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, ஒரு பங்கு அஞ்சலைக்கு, ஒரு பங்கு அண்ணனுக்கு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடாக இருந்தால் அதற்கும் இதே கணக்கு. மற்ற இரண்டு பேரின் சம்மதம் இல்லாமல் முழுக் குதிரையையும் அவன் விலை பேச முடியாது.

அதனால் அம்மாவின் சம்மதமும் இல்லாமல் விற்பனை நடக்காது. முதுநகர் அக்கா சொன்ன திண்ணைக் காட்சிக்கு இதுதான் அடித்தளம். புரோக்கரிடம் அம்மா வெளியே வந்து "மூணுல ஒண்ணு என்னுது" என்று சொன்னால் போதும், பக்கம் பக்கமாக வசனம் தேவையில்லை.

குடும்பத்தை புதுச்சேரிப் பக்கம் மாற்றினால் கவனம் தேவை. 1881 ஆணைப்படி தங்கள் சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. கடலூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

#10 பாகூரான்

இப்படி முடித்தால் என்ன? அஞ்சலை குதிரையைத் திருவந்திபுரம் கூட்டிப்போகிறாள். மலை மேல் குதிரை முகத்தோடு ஹயக்ரீவர் இருக்கிறார். அங்கே வேண்டிக்கொள்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் செவலைக்குக் கண் தெரிகிறது. குடும்பத்தோடு பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

#11 வில்லியனூர் சூளை

பாகூர் அண்ணன் பக்தியோடு சொல்கிறார், நானும் பக்தியோடுதான் பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாக வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறது. ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்து தருவோம். உடம்பு, கால், கழுத்து, சேணம், மணி எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கண். கண் திறக்கிற வரைக்கும் அது எங்கள் கையில் இருக்கிற மண். திறந்த பிறகு அது சாமியுடையது, நாங்கள் தள்ளி நின்று கும்பிடுவோம். அப்படிப்பட்ட சடங்கைக் கதை முடிப்பதற்கான சுலப வழியாகப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. கூடவே, கண் தெரியாத பிள்ளைகளை வைத்திருக்கிற எத்தனையோ தாய்மார்கள் அந்தப் படியில் ஏறி வேண்டிக்கொண்டவர்கள்தான். குதிரைக்குத் தந்த சாமி என் பிள்ளைக்குத் தரவில்லையே என்று அவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து நினைக்க வேண்டுமா?

திருவந்திபுரம் காட்சி வரட்டும். வைணவ குரு வேதாந்த தேசிகர் தவமிருந்து ஹயக்ரீவரைக் கண்டதாகச் சொல்கிற மலை அது. குதிரையை அடிவாரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு அஞ்சலை மட்டும் படியேறட்டும். கீழே அம்மாவும் செவலையும் முதல்முறையாகத் தனியாக இருக்கட்டும். அந்த நேரத்தில் அம்மா குதிரையிடம் என்ன பேசுகிறாள் என்பது உங்கள் கையில்.

#12 லொகேஷன்

படப்பிடிப்பு நிர்வாகத்தில் வேலை பார்க்கிறேன். கதையைவிட எனக்குக் கவலை அனுமதி.

விலங்கை வைத்துப் படமெடுக்க 2001-ஆம் வருட விதிகளின்படி விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாரியம் முன்பு சென்னை திருவான்மியூரில் இருந்தது, 2018-இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. குதிரைக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். என்ன காட்சி, குதிரை அதில் என்ன செய்யும் என்பதை எழுதித் தர வேண்டும். நோயுற்ற, காயம்பட்ட விலங்கைப் பயன்படுத்தக் கூடாது. கம்பி கட்டியோ குழி வைத்தோ குதிரையை விழவைக்கக் கூடாது. லாடம் இல்லாமல் கெட்டித் தரையில் நடத்தக் கூடாது. தீக்குப் பக்கத்தில் விடக் கூடாது. பந்தயம் வைத்தால் ஒவ்வொரு குதிரைக்கும் இதே கதை. செலவு எங்கேயோ போய்விடும். தயாரிப்பாளரிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள், பந்தயம் தானாகக் காணாமல் போகும்.

கண் தெரியாத நிஜக் குதிரையை நடிக்கவைக்க நினைக்காதீர்கள். விளக்கு, ஜெனரேட்டர், நூறு பேர் கத்தல், தினம் ஒரு புது இடம். சேணம் சார் சொன்ன எல்லாவற்றுக்கும் நேர் எதிர். கண் தெரிந்த சாதுவான குதிரையை வைத்து எடுங்கள். கண் மங்கலைக் கணினியில் சேர்க்கலாம். பல காட்சிகளில் ஈ வலை முகமூடி போட்டுவிட்டால் அதுவும் தேவைப்படாது. ஈயும் தூசியும் படாமல் இருக்கக் கண் கெட்ட குதிரைக்கு நிஜமாகவே அதைப் போடுவார்கள்.

#13 மாட்டு டாக்டர்

லொகேஷன் சொல்வது சரி. எல்லாக் குருட்டுக் கண்ணும் வெள்ளையாக இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழித்திரை கெட்ட கண் வெளியே பார்க்க நல்ல கண் மாதிரியே இருக்கும். ஆனால் செவலைக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட நோயில் கண் சுருங்கி, நீலம் பாய்ந்து, உள்ளே இறங்கியிருக்கும். கணினியில் சேர்க்கிறவர்களுக்குப் படங்கள் வேண்டுமென்றால் கேளுங்கள்.

#14 கெடிலம்

எல்லாருக்கும் நன்றி. திரைக்கதையில் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பந்தயம் இல்லை. பார்வையும் திரும்பாது. படம் 2015 வெள்ளத்தில் தொடங்கும். கண் போனதைக் கண்டுபிடிப்பது அம்மா, நம்பாமல் இருப்பது அப்பா. அப்பா போன பிறகு அண்ணன் வந்து லாயத்தை ஒழுங்குபடுத்துகிறான். அவன் கெட்டவன் இல்லை. புதுச்சேரியில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், தங்கச்சிக்கு ஒரு வருமானம் வேண்டுமே என்ற கவலை. இங்கே ஒரு குதிரைக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த தீவனம், கொள்ளு, வைத்தியம். அவன் கணக்கு தப்பே இல்லை. அது முழுசாகக் கேட்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

புரோக்கரோடு அவன் வருகிறான். அம்மா திண்ணைக்கு வந்து தன் பங்கைச் சொல்கிறாள். புரோக்கர் போய்விடுகிறான். மஞ்சக்குப்பம் தம்பி கேட்ட காட்சி அதற்குப் பிறகு வருகிறது. ராத்திரி மழை, லாயத்தில் தண்ணீர் ஏறுகிறது, அஞ்சலை வீட்டில் இல்லை. குதிரையை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவன் அண்ணன். அவன் பேசாமல் போய்க் கயிற்றைப் பிடிக்கிறான், செவலை மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதுவரை படத்தில் அவன் அதன் பெயரைச் சொல்லவே இல்லை. இப்போது சொல்ல வேண்டும். அப்பா சொன்ன மாதிரி "ஏய், நான்தான்" என்கிறான். குதிரை அசையவில்லை, அது அவன் குரலுக்குப் பழகவில்லை. திண்ணையிலிருந்து அம்மா "மேடு", "பள்ளம்" என்று குரல் கொடுக்க, அவன் கயிற்றைப் பிடித்து நடக்க, முழங்கால் தண்ணீரில் அவனும் செவலையும் அடி அடியாகத் தெருவுக்கு ஏறுகிறார்கள். பின்னணி இசை இல்லை. வெண்கோல் சார் சொன்னபடி சத்தம் மட்டும்.

அதற்குப் பிறகும் விற்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் நடக்கும். ஆனால் மூன்று பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். கல்யாண ஊர்வல வாடகை போனதற்குப் பதில் அஞ்சலை வேறு வேலை தேடிக்கொள்கிறாள், காலையில் புல் அறுக்கிற முறை அண்ணனுக்கும் வருகிறது. சனி, ஞாயிறுக்கு.

தண்ணீர்க் காட்சியைச் செட் போட்டுத்தான் எடுப்போம். வடகிழக்குப் பருவமழையில் படப்பிடிப்பு வைக்கிற எண்ணம் இல்லை. மற்றதெல்லாம் பொங்கலுக்குப் பிறகு.

#15 மஞ்சக்குப்பம் ரசிகன்

போதும் அண்ணா. எங்க அம்மா எழுந்து போகமாட்டார். தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த இழையை அவருக்கு அனுப்புங்கள்.

#16 லொகேஷன்

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பக்கம் கேமராவே வைக்க முடியாது, அந்த வாரத்தை இப்போதே தள்ளிவிடுங்கள்.

#17 முதுநகர்க்காரி

தம்பி, படித்தேன். அம்மா குரல் கொடுக்கிற இடம் நல்ல இடம்.

கொள்ளு வேகிற காட்சி எடுக்கும்போது என்னைக் கூப்பிடுங்கள். படங்களில் பானைக்கு மூடி போட்டுக் காட்டுகிறார்கள், கொள்ளு அப்படி வேகாது, நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். முந்தின ராத்திரியே ஊறப்போட்டிருக்க வேண்டும். அம்மாவாக நடிக்கிறவர் வெந்ததை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கணும், அப்புறம் ஆறுகிற வரைக்கும் முறத்தில் பரப்பணும். நான் வந்து காட்டித் தருகிறேன்.